நாலாவது மூலை

பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்து கிளம்பியவள், தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்தபடி தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் கணவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பது வருஷம் ஊரான் நிலத்தை அங்குலம் விடாமல் அளந்தவருக்கு, இப்போது அளக்க மிச்சமிருப்பது மனைவி மட்டும்தான்.

"பையில என்ன, காட்டு."

சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். குளித்துக் குளித்துத் தகடாய்த் தேய்ந்த ஏழு சோப்புத் துண்டுகள். ஒன்றில் சுருட்டை முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"உவ்வே. திருடிட்டு வந்தியா?"

"கேட்டுத்தான் எடுத்தேன்."

"கேட்டியா? அது இன்னும் கேவலம். கண்டவன் அக்குளைத் தேய்ச்ச சோப்பைச் சோறு திங்கிற மேசையில கொட்டுற. புதுசா ஒண்ணு வாங்கித் தொலையேன்."

"புதுசு தடியா இருக்கும், கோடு பட்டை அடிக்கும். தேஞ்சதுதான் நூல் மாதிரி விழும். துவைச்சா அடையாளம் தெரியாமப் போயிரும்."

அவள் வேலை அப்படி. பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வைகளுக்குத் தையல்கூடத்திலிருந்து மேல்துணி வரும். காகிதத்தில் வெட்டிய டிசைனைத் துணிமேல் குண்டூசியால் நிறுத்தி, ஓரத்தை ஒட்டிச் சோப்பால் கோடு இழுத்துக் கொடுக்க வேண்டும். தைக்கிறவர்களின் ஊசி அந்தக் கோட்டின் மேலேயே போகும்.

இன்றைக்குக் காட்ட வேண்டியது மாதிரித் துணி. தேறினால் வருஷம் முழுக்க வேலை உண்டு. தேறாவிட்டால்?

"இந்தக் குப்பை மொத்தமும் வெளிய போயிரணும். அந்த அறை எனக்கு வேணும்" என்று சர்வேயர் பத்தாவது தடவையாக நினைவூட்டினார். "அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன். மொதல்ல அந்தம்மா வந்து பார்க்கட்டும்."

அறைக்குள் சாம்பல் நீலத் துணி தரை முழுக்க விரிந்து கிடந்தது. ஓரத்தைச் சுற்றி ஓடுகிற கொடி, மூன்று மூலைகளில் எப்படியோ திரும்பிவிட்டது. நாலாவதில்தான் காலையிலிருந்து மல்லுக்கட்டு. இலைமேல் இலை ஏறிப் படுத்துக்கொண்டது. மூன்று முறை அழித்துப் போட்டுப் பார்த்து, சலித்துப்போய், கையிலிருந்த சோப்புத் துண்டை வீசிவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே அந்த வீட்டுக்காரியின் வாயில் மாட்டிக்கொண்டதில் ஒரு மணி நேரம் போய்விட்டது.

இப்போது குனிந்து பார்த்தால் கொடி சாதுவாக வளைந்து திரும்பியிருந்தது. இலைக்கு இலை ஒரே இடைவெளி. வெறும் வயிற்றோடு பார்த்ததால் காலையில் கோணலாகத் தெரிந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு, மங்கிய கோடுகளை மற்ற மூலைகளில் தொட்டு முடிப்பதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

தையல்கூடத்தை நடத்துகிற அம்மாள், சிரித்தால் கூலி ஏறிவிடும் என்று பயப்படுகிற ரகம். உள்ளே வந்ததுமே மூக்கைச் சுருக்கினாள்.

"என்னம்மா, குளிக்கிற ரூம் மாதிரி நாறுது. சரி, முதல் மூலை சுமார். ரெண்டாவது தூங்கி வழியுது. மூணாவதை நான் பார்க்கலைன்னு வச்சுக்க."

நாலாவது மூலையில் நின்றாள். உட்கார்ந்தே விட்டாள்.

"இது வேலை. எல்லா மூலையும் இப்படிப் போட்டுத் தர்றதா இருந்தா மேற்கொண்டு பேசலாம்."

கூடத்தில் செய்தித்தாளின் பக்கம் ஒன்று மெல்லப் புரண்டது.

"அய்யே, இதென்ன?" அம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கடைசி இலையின் காம்பருகே கடுகளவில் காய்ந்த சிவப்பு. "ரத்தமா? சீச்சீ. எத்தனை பேர் மூடிப் படுக்கிற போர்வை. எனக்கு வேண்டாம்மா, சுருட்டி எடு."

"இருங்கக்கா, குண்டூசி குத்தியிருக்கும். இப்பப் போயிரும்." அவள் வெள்ளை நூலைச் சுருட்டி வாயில் போட்டு மென்று, ஈரத்தோடு எடுத்துக் கறையின் மேல் ஒற்றினாள்.

"கருமம். எச்சிலா?"

"யார் ரத்தமோ அவங்க எச்சில்தான் எடுக்கும். அடுத்தவங்களுது பட்டா அசையாது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும், தெரியும். நான் பார்க்காதப்போ பண்ணக் கூடாதா? குமட்டுது."

ஒற்றினாள். நூலை மாற்றி, மறுபடி மென்று, மறுபடி ஒற்றினாள். சோப்புக் கோடுதான் லேசாகக் கரைந்தது. கறை இருந்த இடத்தில் இருந்தது.

அம்மாள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தாள்.

கூடத்திலிருந்து சர்வேயரின் குரல் வந்தது. "அசிங்கம் பிடிச்ச பொழப்பு. துணியில எச்சில் துப்பறாளாம். எனக்குக் கொடலைப் புரட்டுது."

அவள் தன் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எதிலும் ஊசி குத்திய தடம் இல்லை. பிறகு அந்த இலைகளைப் பார்த்தாள், வெகுநேரம்.

"ரெண்டு நிமிஷம் உட்காருங்கக்கா" என்று அம்மாளிடம் சொல்லிவிட்டு, கூடத்தின் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, பேப்பரை வச்சிட்டு இங்க வந்து நீங்களே துப்புங்க."