நான்காவது முறை நேவியோ

எங்கள் ஊர்க் கல்குவாரியை டெக்சாஸ் என்று காட்டி ரோம்காரர்கள் எடுத்த கௌபாய் படம், கடைசியில் எங்கள் ஊர்க் கொட்டகைக்கே வந்தது. வந்த வேகத்தில் ஊத்திக்கொண்டது. கஞ்சக் கம்பெனி. எங்கள் சவரக்கடை நேவியோவுக்கு ரொட்டியும் பன்றிக்கறியும் கொடுத்து, தொப்பியை மட்டும் மாற்றி மாற்றி மூன்று தடவை சுட்டுக் கொன்றிருந்தார்கள். படம் வருவதற்குள், பனிக்காலத்தில் அவன் நிஜமாகவே செத்துப்போனதால் வாய்விட்டுச் சிரிக்கவும் முடியவில்லை.

அவன் மனைவி எர்சிலியா மட்டும் தினமும் போனாள்.

"அர்ஜியா, நாலாவதா ஒருதடவ வர்றாருடி," என்றாள் என்னிடம். "தூக்குமேடைக் கூட்டத்துல நிக்கறாரு. புதைக்கும்போது நான் போட்டுவிட்ட பழுப்புக் கோட்டோட."

"மொதல்ல கண்ணாடிய மாத்துடி."

"நாளைக்குப் படத்தத் தூக்கறாங்க. இன்னிக்காவது திரும்பி என்னப் பாக்கமாட்டாரா?"

எனக்குத் தெரியாமல் ஊரில் ஒன்று நடக்கலாமா? மத்தியானக் காட்சிக்கு நானும் போனேன்.

கூட்டத்தில் நேவியோ நின்றான். அதே கோட்டுதான். திரும்பினான், ஆனால் எங்கள் பக்கம் அல்ல. அருகே முதுகு காட்டி நின்ற ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தான்.

எர்சிலியா என் கையை இறுக்கினாள். "யாருடி அவ? ஊர்ல உனக்குத் தெரியாத பொம்பளயா?"

அந்தப் பெண் கட்டியிருந்தது என் மஞ்சள் பூப்போட்ட தலைத்துணி. படம் பிடித்த மாதம் முழுக்க நான் ஜெனோவாவில் தங்கை வீட்டில் இருந்தேன். சத்தமில்லாமல் என் தலையில் இருந்த அதே துணியை அவிழ்த்து மடியில் மறைத்தேன்.

திரையில் அவளும் அவிழ்த்தாள்.