ஒரே நாற்காலி, இரண்டு பொத்தான்

சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை உதிரட்டும்!

ஒரு பிரவுசரின் முகவரிப் பட்டையில் இரண்டு பொத்தான்களுக்கு ஒரே நாற்காலி. இணையப் பக்கம் வந்துகொண்டிருக்கும்போது அதை நிறுத்துவதற்குப் பெருக்கல்குறி உட்காரும். பக்கம் வந்து சேர்ந்ததும் அது எழுந்து போய்விடும். மறுபடி அழைப்பதற்கு வட்ட அம்பு வந்து உட்காரும். அதனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. வட்ட அம்பு விட்டுப்போன சூடு மட்டும் பெருக்கல்குறிக்குத் தெரியும். அந்தச் சூட்டிலேயே சொக்கிப்போய், "ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டா போதும்ண்ணே" என்று பக்கத்திலிருந்த பூட்டுச் சின்னத்திடம் புலம்பும்.

"நாற்காலி காலியா கெடந்தா வேற யாரையாவது உக்கார வச்சிடுவாங்க தம்பி, பாத்துக்க" என்றது பூட்டு.

ஒருநாள் பக்கம் வந்து சேர்ந்தபிறகும் பெருக்கல்குறி போகாமல், எழுந்து ஓரமாக நின்றது. வட்ட அம்பு மெல்லச் சுழன்றபடி, கனவில் வருவதுபோல் மிதந்து வந்தது.

"நீங்க உக்காருங்க" என்றது பெருக்கல்குறி, நாக்குழற.

"ஐயோ, நீங்க நிக்கும்போதா? நீங்க உக்காருங்க."

"அட, பரவாயில்லீங்க, நீங்க..."

"யாராவது ஒருத்தர் உக்காந்து தொலைங்கப்பா!" என்று பூட்டு கத்தியது. அதற்குள் ஒரு விரல் வந்து, காலி நாற்காலியை மூன்று முறை குத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் அங்கே ஒரு மைக் பொத்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. மற்ற இரண்டையும் மூலையிலிருந்த மூன்று புள்ளி மெனுவுக்குள் போகச் சொல்லிவிட்டார்கள். அவை இன்னும் அதன் வாசலில்தான் நிற்கின்றன, "நீங்க முதல்ல போங்க", "இல்லீங்க, நீங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே.

யார் சொன்னது என்று எவராவது கேட்டால், வாய்தவறிக்கூட என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.