குறைத்து வைத்த மஞ்சள்

"யாரு சார் இந்த ஸ்கிரீன்ல மஞ்சளை இவ்வளவு குறைச்சு வச்சது?"

கம்ப்யூட்டர் திரைகளின் நிறத்தைச் சரிசெய்வது என் தொழில். இப்படிக் கைவைத்தவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நான்தான்," என்றார் போட்டோகிராபர். "போன வருஷம் ஒரு படத்துல முகம் மஞ்சளா தெரிஞ்சுது. ஸ்கிரீன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க! நீங்க எடுத்த கல்யாணப் படத்துல மாப்பிள்ளைங்கல்லாம் இந்த ஸ்கிரீன்ல நீலமா தெரிஞ்சிருப்பாங்களே?"

அவர் சிரிக்கவில்லை.

அளக்கும் கருவியைத் திரையில் ஒட்டி, வேலையை முடித்தேன். "இனிமே உள்ளது உள்ளபடி தெரியும்."

அவர் அந்தப் பழைய படத்தைத் திறந்தார். ஜன்னலோரம் ஒரு பெண். கண்ணின் வெள்ளைகூட மஞ்சளாக இருந்தது.

சந்தேகத்தில் மறுபடி அளந்தேன். இம்மி பிசகவில்லை.

"ஸ்கிரீன் சரியா இருக்கு சார். லைட் போட்டு எடுத்தீங்களா?"

"இல்ல தம்பி, பகல் வெளிச்சம். என் மனைவி." அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அவ தவறிப்போன அன்னைக்கு டாக்டர் கேட்டார், கண்ணு மஞ்சளானதுகூடவா தெரியலைன்னு."

நான் கருவியைப் பைக்குள் வைத்தேன்.

"இந்தப் படத்தைப் பார்த்தப்ப அவ பின்னாடிதான் நின்னா. 'ஸ்கிரீனை விடுங்க, என்னைக் கொஞ்சம் பாருங்க'ன்னா. 'இரு, சரி பண்ணிடறேன்'னு திரும்பாமலே மஞ்சளைக் குறைச்சேன்."