பாதி ரொட்டி

“கம்பேனியன்! இந்த ஒரு சொல்லுக்கு மூலம் தேட மூணு நாளா?” அகராதி ஆசிரியர் எரிந்து விழுந்தார்.

“லத்தீன்ல கிடைச்சிடுச்சு சார். ‘கோம்’னா கூட, ‘பானிஸ்’னா ரொட்டி. கூட உக்காந்து ரொட்டி சாப்பிடறவர்,” என்றாள் உதவியாசிரியை.

“அப்புறமென்ன தாமதம்?”

“எடுத்துக்காட்டு வாக்கியம்தான் சார்...” தயங்கியபடி சீட்டை நீட்டினாள்.

‘மதியச் சாப்பாடு கொண்டுவர வழியில்லாதிருந்த எனக்கு, டாக்டர் தன்னைப் பாதிதான் சாப்பிடச் சொன்னதாகப் பொய் சொல்லி, ஒரு வருஷம் முழுக்கப் பாதி ரொட்டி தந்தவரே என் கம்பேனியன்.’

ஆசிரியரின் குரல் இறங்கியது. “பொய்னு எப்பம்மா தெரிஞ்சுது?”

“முதல் நாளே சார். நாலு மணிக்கு உங்க வயிறு போட்ட சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டுச்சே!”

“வாக்கியம் ரொம்ப நீளம். அச்சுக்குப் போகாது,” என்றவர், சீட்டை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.