இருபத்திரண்டு பேருக்கு இடம்

கட்டாய ராணுவ சேவையைக் கால்பந்து ஆடியே கழிக்க, படையின் கிளப்பில் இருபத்திரண்டு பேருக்குத்தான் இடம். புதிதாக ஒருவன் தேறினால் பழைய ஒருவன் அந்த வாரமே எல்லைக்குப் போக வேண்டும். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது.

எபினேசருக்கு நான்கு மாதச் சேவைதான் பாக்கி. வீட்டில் மனைவி நிறைமாதம். அப்போதுதான் வியாசர்பாடியிலிருந்து தணிகைவேல் வந்தான். அவனும் நடுக்கள ஆட்டக்காரன், எபினேசரைவிட வேகம். சாப்பாட்டுக்கூடத்தில் அவன் உட்கார்ந்ததும் மேசையிலிருந்த எல்லோரும் தட்டோடு எழுந்து போனார்கள். எபினேசர் மட்டும் அசையவில்லை.

"அண்ணே, ஒங்க எடத்தப் புடிக்கணும்னு நா வரல," என்றான் தணிகைவேல்.

"அப்ப நாளைக்கு ஒழுங்கா ஆடாத."

"ஆடலன்னா நாந்தாண்ணே போவணும்."

மறுநாள் தேர்வு ஆட்டத்தில் அவன் எபினேசரை இருமுறை தாண்டிப் போய் கோல் அடித்தான். மூன்றாம் முறை வந்தபோது எபினேசர் பந்தைப் பார்க்கவே இல்லை. முழங்காலைப் பார்த்து உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

தணிகைவேலை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போன பிறகு, பயிற்சியாளரான மேஜர் எபினேசரிடம் வந்தார்.

"கால ஒடைச்சிட்டு மூஞ்சி கூட மாறாம நிக்கிற. இந்த மாதிரி ஆளுங்கதான் அங்க வேணும். திங்கக்கெழம கெளம்பு."

"சார், என் பொண்டாட்டிக்கு நெறமாசம் சார்..."

மேஜர் நடந்து போய்விட்டார். எபினேசர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த வாரம் எல்லைக்குப் போக ஆள் கிடைத்துவிட்டது.