அந்தப் பிள்ளை சொல்லட்டும்

சுகிர்தம் அனுப்பிய கதை மதுரைச் சிறுவர் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்திருந்தது. கூடவே ஆசிரியரின் கடிதம்.

‘கதை நன்றாக இருக்கிறது. ஆனால் யாரோ தள்ளி நின்று சொல்வதுபோல் இருக்கிறது. படிக்கப்போகிறவர்களுக்குப் பத்து வயது. அந்தச் சிறுமியே “நான்” என்று சொல்லட்டும். மாற்றி அனுப்பினால் 1974 மே இதழில் போடுகிறோம்.’

தேனி கடைவீதியில் அவள் கணவர் பொன்னுராஜுக்குப் பாத்திரக்கடை. மாடியில் வீடு. சோறு வடித்துவிட்டு, சமையலறைத் தரையிலேயே தாளை விரித்து உட்கார்ந்தாள்.

கதை சின்னதுதான். வருசநாட்டில் ஏழு வயது மகளைப் பஸ் நிற்கும் இடத்தில் உட்காரவைத்து, பொழுது சாய வந்துவிடுகிறேன் என்று சொல்லி ஒரு அம்மா பஸ் ஏறுகிறாள். வரவே இல்லை.

‘அவள்’ இருந்த இடத்திலெல்லாம் ‘நான்’ போட்டுக்கொண்டே வந்தாள். முதலில் எளிதாகத்தான் இருந்தது.

நான் பச்சைப் பாவாடை கட்டியிருந்தேன். அம்மா என் கையில் பொரிகடலைப் பொட்டலத்தைக் கொடுத்தாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பஸ் புறப்பட்டது.

அதற்குமேல் பேனா ஓடவில்லை.

பழைய தாளில் அந்த இடத்தை ‘பொழுதும் சாய்ந்துவிட்டது’ என்று ஒரே வரியில் தாண்டியிருந்தாள். இப்போது தாண்ட முடியாது. ‘நான்’ என்று சொல்கிறவள் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறாள்.

நான் அழுதேன் என்று எழுதினாள். அடித்தாள்.

நான் பஸ் பின்னால் ஓடினேன். அதையும் அடித்தாள்.

நான் பொரிகடலையைத் தின்றேன். இதைத் தாள் கிழிகிற மாதிரி அடித்தாள்.

சாப்பிட வந்த பொன்னுராஜ் தாளை எடுத்துப் படித்தார். கல்யாணத்துக்கு முந்தைய காலத்தைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை. இன்று அவர் கண் கலங்கிவிட்டது.

“சின்னப்புள்ளையில ஒன்னய இப்படித்தான் விட்டுட்டுப் போனாகளா? பஸ் போனப்பறம் என்ன செஞ்ச?”

“தெரியலைங்க.”

அவர் அவள் தலையை மெல்லத் தடவிவிட்டு, கை கழுவப் போனார்.

அவள் சொன்னது உண்மைதான். அன்று வருசநாட்டில் பஸ் ஏறியதிலிருந்து தேனியில் இறங்கும்வரை அவள் ஒருமுறைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.