லெஸ்மோ வளைவில் சிவப்பு

எத்தோரே காதுகளில் பஞ்சை இன்னும் கொஞ்சம் திணித்துக்கொண்டு, "வர்றான், வர்றான், சிவப்புதான் முன்னாடி!" என்று கத்தினார்.

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த அவர் மனைவி நிவெஸ் தலையாட்டினாள். அவளுக்குப் பார்வை போய் ரொம்பக் காலம். மோன்சாவில் கார்ப் பந்தயம் என்றால் அவளுக்கு எத்தோரேயின் வாய்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அருமையான வாய். ஒரு வருடம், இந்த லெஸ்மோ வளைவில் திரும்பும்போது ஓட்டுகிறவன் கொட்டாவி விட்டதைச் சொன்னார். இன்னொரு வருடம், கார்களோடு ஒரு முயலும் ஓடி மூன்றாவதாக வந்ததைச் சொன்னார்.

தலைக்கவசத்துக்குள் விட்ட கொட்டாவி எப்படித் தெரிந்தது என்று நிவெஸ் கேட்டதில்லை. கேட்டால் முயலும் போய்விடும்.

இந்த வருடம் கொட்டாவி இல்லை, முயல் இல்லை. வெறும் சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

அதிலும் ஒரு கோளாறு. மோன்சாவில் சிவப்புதான் சொந்த நாட்டுக் கார்; அது போனால் வேலியோரக் கூட்டம் மொத்தமும் எழுந்து அலறும். வேறு நிறம் போனால் உட்கார்ந்து ரொட்டி தின்னும்.

எத்தோரே சிவப்பு என்கிறார். சுற்றிலும் ஒரு ஆள் அலறவில்லை.

"என்ன வேகம்டி இது! கண்ணுலயே ஒட்ட மாட்டேங்குது. இவ்வளவு வேகம் எவன் கேட்டான்? பந்தயமே கெட்டுப்போச்சு!"

பின்வரிசையில் இருந்த கறிக்கடை துல்லியோ, நிவெஸ் பக்கம் குனிந்தான்.

"மாமா என்னக்கா உளர்றாரு? புதுச் சட்டம் போட்டு இந்த வருஷம் காரையெல்லாம் மெதுவாக்கிட்டானுங்க. அதான் சப்புன்னு இருக்கு. வேகமா விட்டாத்தானே ருசி! இப்ப சிவப்புன்னாரே, அது நீலம். இருங்க, அந்தப் பஞ்சைப் பிடுங்கிட்டுச் சொல்றேன்."

இஞ்சின் சத்தம் வளைவைத் தாண்ட இந்த வருடம் கூடுதல் நேரம் எடுப்பதை நிவெஸும் கேட்டிருந்தாள். காலையில் காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு, இது புது ருசி என்று எத்தோரே சாதித்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டில் மிச்சமிருந்தது அவருடைய அந்த ஒரு ஜோடிக் கண்தான்.

அவர் காதை நோக்கி நீண்ட துல்லியோவின் கையை எட்டிப் பிடித்தாள்.

"உனக்குத்தான்டா கண்ணு சரியில்ல. காரு பறக்குது. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

துல்லியோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கட்லெட் வைத்த ரொட்டியைத் திணித்தாள். குறி தப்பவில்லை.

தூரத்தில், முந்தின வளைவுப் பக்கம், கூட்டத்தின் அலறல் கிளம்பி நெருங்கி வந்தது. பஞ்சு வைத்த காதுக்கு அது எட்டாது.

நிவெஸ் எத்தோரேயின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார், பிறகு வளைவுப் பக்கம்.

"சிவப்பு! சிவப்பு வருதுடி! ஓட்டுறவன் கையை ஆட்டுறான், உன்னைப் பாத்துதான்!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் சுற்றிலும் அத்தனை பேரும் எழுந்து அலறினார்கள்.

ஏன் கிள்ளினாய் என்று எத்தோரே கேட்கவில்லை. தொடையை மட்டும் அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.